எல்லாவற்றையும் எழுதும் பெட்டி

ஜனவரி 4

என் அருமைச் சாவிக்கொத்துக்கு,

ஊரார் கம்ப்யூட்டருக்கெல்லாம் பூட்டுப் போட்டுச் சம்பளம் வாங்கும் மருமகளை வேறு எப்படி அழைப்பது? மாமாவின் ஆசிகள். என் முழங்கால்கள் இரண்டும் தனித்தனியாகச் சௌக்கியம். சேர்ந்து நடந்தால்தான் தகராறு. உன் தலைவலி எப்படி இருக்கிறது?

இப்போது நான் சொல்லப்போகும் கதையை இந்த உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். இரண்டு கையையும் தூக்கி முன்கூட்டியே சத்தியம் செய்துவிடுகிறேன்.

நானும் உன் அம்மாவும் வேலை பார்க்கும் குளிர்பதனக் கிடங்கை உனக்குத் தெரியும். ஏழு அறை. சுவரின் தடிமனில் ஃபோன் சிக்னல் செத்துவிடும். அதனால் நாற்பது பேருக்கும், கையுறையோடு அமுக்கும்படி பெரிய பித்தான் வைத்த ஹேண்ட்செட் ஒன்று கொடுத்து, அவற்றுக்கு நடுவே சாட் சர்வர் என்ற ஒரு பெட்டியையும் வைத்து, அதற்குச் சக்கரவர்த்தியாக என்னை நியமித்தார்கள். அறைக்கு அறை ஆட்கள் எழுத்தில் பேசிக்கொள்வார்கள். பெட்டியை ஓட விட்ட அன்று, நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவேட்டை, அதாவது லாக்கை, எந்த அளவுக்கு எழுத வேண்டும் என்று அது கேட்டது. ஐந்து படி: கோளாறு, எச்சரிக்கை, தகவல், விவரம், எல்லாம். 'எல்லாம்' என்று கம்பீரமாக ஒரு சொல் நிற்கும்போது 'எச்சரிக்கை' என்ற சோப்ளாங்கிச் சொல்லை மனிதன் தொடுவானா? உச்சியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் மேலாளரை நாங்கள் ஸ்வெட்டர் என்போம். வெயிலிலும் கழற்றமாட்டார். போன மாதம் அவர் வந்து, "பெட்டி எப்படிய்யா ஓடுது?" என்றார். "சார், மூணாவது ரூம்ல எறும்பு தும்மினாக்கூட எழுதி வெச்சிரும்!" என்றேன். சும்மா அளந்ததுதான்.

முந்தாநாள் லாக்கைத் திறந்து பார்த்தேன். எறும்பு மட்டும்தான் பாக்கி. இரண்டு பேர் தனியாகப் பேசியதுகூட ஒரு எழுத்து விடாமல் இருக்கிறது. யார் யாரோடு சண்டை, யார் எந்தப் பொய் சொல்லி லீவு எடுத்தார், எல்லாம். எனக்குக் கை சில்லிட்டுப் போனது, அதுவும் கிடங்குக்கு வெளியே நின்று.

இதை ஏன் தாளில் எழுதுகிறேன் என்பாய். அந்த லாக்கைப் பார்த்ததிலிருந்து மின்சாரத்தில் ஓடும் எதன் முன்னாலும் நான் வாய் திறப்பதில்லை. நேற்று ஃபேனுக்குக் கீழே இருமக்கூட யோசித்தேன். என்ன செய்வது, சீக்கிரம் எழுது.

குளிர்நாட்டுச் சக்கரவர்த்தி,
உன் மாமா

ஜனவரி 11

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். தலைவலி போய்விட்டது என்று நினைத்திருந்தேன். உங்கள் கடிதம் திரும்பக் கொண்டுவந்தது. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள்.

விளையாட்டில்லை மாமா. நாற்பது பேரின் அந்தரங்கம் பூட்டில்லாத அலமாரியில் கிடக்கிறது. முதலில் லாக் அளவை 'எச்சரிக்கை'க்கு இறக்குங்கள். பேச்சை எழுதுவது அந்த நிமிஷமே நின்றுவிடும். நிர்வாகி பாஸ்வேர்ட் பெட்டியோடு வந்ததேதான் இன்னமும் இருக்கும், உங்களைத் தெரியாதா எனக்கு? மாற்றுங்கள், உங்கள் பிறந்தநாளை வைக்காதீர்கள். செய்திகள் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் ஆகாமல் பச்சையாகப் போகின்றன என்று நினைக்கிறேன். கூடவே வைத்திருக்கும் தாளில் அதற்கான படிகளை எழுதியிருக்கிறேன். லாக் ஃபைல்களை உங்களைத் தவிர யாரும் திறக்க முடியாதபடி செய்யுங்கள். தயவுசெய்து நீங்களும் படிக்காதீர்கள்.

ஃபோனில் அம்மா இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. ஏதாவது தெரியுமா?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
மருமகள்

ஜனவரி 23

சாவிக்கொத்துக்கு,

ஆசிகள். நான் திடகாத்திரம். தூக்கம் மட்டும் வேலையை ராஜினாமா செய்துவிட்டது.

நீ சொன்னதை எல்லாம் பதினாறாம் தேதியே செய்து முடித்தேன். என் புதிய பாஸ்வேர்ட் அவ்வளவு நீளம், அதை அடித்து முடிப்பதற்குள் ஒரு வேளை பசிக்கிறது. லாக் அளவு 'எச்சரிக்கை'. பெட்டி ஊமையாகிவிட்டது. வெற்றி!

வெற்றி நாலு நாள் நீடித்தது. இருபதாம் தேதி பாதுகாப்பு ஆய்வாளர் திடீரென்று வந்து, நேரே நாலாவது அறைக்குப் போனார். அங்கே குளிரூட்டும் அம்மோனியா என்ற விஷவாயு கசிந்தால் அலற வேண்டிய மணியின் ஒயர் பிடுங்கிக் கிடந்தது. அது அடிக்கடி சும்மா அலறி வேலை கெடுகிறது என்று ஸ்வெட்டர்தான் பிடுங்க வைத்தார். ஆய்வாளர் கையில் அதன் படம் இருந்தது. உள்ளேயிருந்து யாரோ அனுப்பிய படம்.

அவர் போனதும் ஸ்வெட்டர் என் மேஜைக்கு வந்தார். கத்தவில்லை.

"எறும்பு தும்மினாலும் எழுதும்னு சொன்னியே?"

"அது... சும்மா ஒரு பேச்சுக்கு சார்."

"எழுதுதா இல்லையா?"

"எழுதும் சார். ஆனா எனக்கு ஓட்டத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. அதுக்குப் பெட்டி விக்கிற கம்பெனி ஆள் வரணும்."

பொய்தான். அவசரத்துக்கு வேறு எதுவும் வரவில்லை. அந்த ஆள் மார்ச் பதினொன்றாம் தேதி வருகிறாராம். படம் அனுப்பியவரைக் கண்டுபிடித்தால் வேலையை விட்டுத் துரத்துவதோடு நிற்கப்போவதில்லை, சுற்று வட்டாரத்தில் எந்தக் கிடங்கிலும் அந்த ஆள் கால் வைக்க முடியாதபடி செய்வேன் என்று ஸ்வெட்டர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீ படிக்காதே என்றாய். படித்துவிட்டேன். டிசம்பர் மூன்றாம் தேதி. பன்னிரண்டாம் நம்பர் ஹேண்ட்செட் இன்னொரு ஹேண்ட்செட்டிடம் இப்படிப் பேசியிருக்கிறது: "மணி ஒயரப் புடுங்கிட்டாங்க. படம் எடுத்துட்டேன். ஆய்வாளர் அட்ரஸ் வேணும்." யாருடைய நம்பர் என்று நீ மண்டையை உடைத்துக்கொள்ளாதே. யாரோ ஒருவர்.

மாமா

ஜனவரி 28

அன்புள்ள மாமா,

நலமாக இருங்கள். நான் இருக்கிறேன்.

பன்னிரண்டு அம்மாவுடைய நம்பர். என்னிடம் மறைக்க வேண்டாம். டிசம்பரிலேயே சொன்னாள்: "நான் ஒண்ணு செஞ்சிருக்கேன், நாலாவது ரூம்ல நிக்கிறவங்களுக்காக. யார்கிட்டயும் மூச்சு விடாதே." என்ன என்று நான் கேட்கவில்லை. இப்போது தெரிகிறது.

மாமா, நான் ஒரு பெரிய தப்பு செய்துவிட்டேன். நேற்று முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் பெட்டியில் லாக் பத்து ஃபைல்களில் இருக்கும். புதியது ஒன்று, மிகப் பழையது பத்து. ஒன்று நிரம்பினால் எல்லாம் ஒரு இடம் பின்னால் நகரும். பத்தாவது தானாக விழுந்து அழியும். நீங்கள் 'எல்லாம்' என்று வைத்திருந்தது அப்படியே ஓடியிருந்தால், அம்மாவின் பேச்சு பிப்ரவரியில் தானாகவே போயிருக்கும். நான்தான் அளவை இறக்கச் சொன்னேன். அதனால் ஃபைல் நிரம்புவது நின்றுவிட்டது. அம்மாவின் வரிகள் இருந்த இடத்திலேயே உறைந்து கிடக்கின்றன. என் புத்திசாலித்தனம் அவளைப் பிடித்து வைத்திருக்கிறது.

நீங்களாக எதையும் அழிக்காதீர்கள். அழித்தால், அழித்தவர் யார், எத்தனை மணிக்கு என்று அதையும் அது எழுதிவைக்கும். அளவையும் நீங்களாக ஏற்றாதீர்கள். அவளுடைய பேச்சு எத்தனையாவது ஃபைலில் இருக்கிறது? எதிரே பேசியது யார்? அவர் வாயைத் திறப்பாரா?

உடனே எழுதுங்கள்.

பிப்ரவரி 3

சாவிக்கொத்துக்கு,

ஆசிகள். உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது; அவள் பேச்சு பெட்டியில் கிடப்பது அக்காவுக்குத் தெரியாது. அவள் வழக்கம்போல நாலாவது அறையில் சரக்குச் சரிபார்த்துக்கொண்டு, எல்லாரையும் அதட்டிக்கொண்டு இருக்கிறாள். நேற்று பார்த்தேன். ஒரே அடுக்கை மூன்று முறை எண்ணினாள். "குளிருடா" என்றாள்.

நல்ல செய்தி: அளவு இறங்கியிருப்பதைக் கேள்விப்பட்டு ஸ்வெட்டரே வந்து, "ஏத்துய்யா மேல!" என்று உத்தரவு போட்டார். கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொண்டு ஏற்றிவிட்டேன். அக்காவின் பேச்சு ஏழாவது ஃபைலின் கடைசிப் பக்கத்தில். இன்னும் நாலு ஃபைல் நிரம்பினால் விழும். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒன்று நிரம்பும்.

கெட்ட செய்தி: 'உங்கள் பேச்சு பதிவாகிறது' என்று ஸ்வெட்டர் ஏழு கதவிலும் தாள் ஒட்டிவிட்டார். அன்றிலிருந்து ஒருவரும் ஹேண்ட்செட்டைத் தொடுவதில்லை. கையைக் காட்டிக் காலைக் காட்டிப் பேசுகிறார்கள். இந்த ஒரு வாரத்தில் ஒரு ஃபைலில் பத்தில் ஒரு பங்குகூட நிரம்பவில்லை. இந்தக் கணக்கில் அந்த நாலு ஃபைலும் நிரம்புவதற்குள் நான் ஓய்வு பெற்று, நீயும் ஓய்வு பெற்றுவிடுவாய்.

எதிரே பேசியவரைப் பற்றிக் கவலைப்படாதே. அது ஒரு கோழை. வாயே திறக்காது.

மாமா

பிப்ரவரி 8

அன்புள்ள மாமா,

முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்க மறந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்போது நான் கூட்டலும் கழித்தலுமாக இருக்கிறேன்.

'எல்லாம்' என்ற அளவில் ஒரு விசேஷம் உண்டு. சாட்டில் எல்லாரும் பார்க்கும் பொது அறையில் ஒருவர் ஒரு வரி போட்டால், அதை நாற்பது ஹேண்ட்செட்டுக்கும் அனுப்பியதாகப் பெட்டி நாற்பது முறை எழுதிக்கொள்ளும். அதாவது ஒரே ஒரு ஆள், விடாமல், நீளமாக, பொது அறையில் பேசிக்கொண்டே இருந்தால் போதும். தப்பாக எதுவும் செய்ய வேண்டாம். பேச வேண்டும். அவ்வளவுதான்.

மாமா, உங்களுக்குப் பேசக் கற்றுத்தர வேண்டுமா?

மருமகள்

பிப்ரவரி 19

சாவிக்கொத்துக்கு,

ஆசிகள். தொண்டைக்குப் பதில் கட்டைவிரல் வீங்கியிருக்கிறது. மற்றபடி யானை பலம்.

ஸ்வெட்டரிடமே போனேன். "சார், பயத்துல எல்லாரும் வாயக் கட்டிட்டாங்க. நான் நாலு கதை விட்டாத்தான் சிரிச்சுக்கிட்டே வாயத் தொறப்பாங்க. தொறந்தாத்தானே மாட்டுவாங்க?" என்றேன். அவர் முதன்முறையாக என்னை மனிதனாகப் பார்த்து, "பரவால்லய்யா, உனக்கும் மூளை இருக்கு" என்றார்.

அன்றே ஆரம்பித்தேன். ஒரு முறை இரண்டாவது அறையில் குளிர் தாங்காமல் என் கொட்டாவி உறைந்து தரையில் விழுந்து உடைந்ததை எழுதினேன். என் நிழல் சுவரோடு ஒட்டிக்கொண்டு, சுத்தியலால் பெயர்த்தெடுத்து வீட்டுக்குத் தூக்கிப்போனதை எழுதினேன். உறைந்த மீன் ஒன்று கண் விழித்து மணி கேட்டதை மூன்று நாள் தொடராக எழுதினேன். முதலில் ஒருவரும் பதில் போடவில்லை. நாலாம் நாள் ஆறாவது அறையிலிருந்து ஒரு வரி வந்தது: "மணி என்னன்னு சொன்னீங்க?" அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. இப்போது நாற்பது பேரும் என்னைத் திட்டுகிறார்கள். ஒவ்வொரு திட்டும் நாற்பது முறை பதிவாகிறது. எவ்வளவு இனிமை!

அக்காதான் முறைக்கிறாள். "வயசுக்கேத்த மாதிரி நடக்க மாட்டியாடா? ஊரே சிரிக்குது." அவளிடம் எதையும் சொல்லவில்லை.

ஒரு ஃபைல் விழுந்தாயிற்று. பாக்கி மூன்று. எழுதி முடித்துவிட்டு நம்பரைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் என் கால் பின்னால் இழுக்கிறது.

மாமா

பிப்ரவரி 25

அன்புள்ள மாமா,

கட்டைவிரலை வெந்நீரில் வையுங்கள். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

பதினாலு நாள் மிச்சம், மூன்று ஃபைல். நிறுத்தாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும், பயமாக இருக்கிறது. ஆய்வாளர் வந்து போய் ஒரு மாதம் ஆகிறது. அந்த ஒயரை மாட்டிவிட்டார்களா? அம்மா தினமும் அந்த அறையில்தானே நிற்கிறாள்? நாம் இங்கே லாக்கைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருக்கிறோம். அங்கே நிஜமாகக் கசிந்தால் யார் அலறுவது?

எதிரே பேசிய அந்தக் கோழை யார் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

மருமகள்

மார்ச் 15

மாமா,

பதினெட்டு நாளாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. பதினொன்றாம் தேதி போய்விட்டது. அம்மாவுக்கு ஆறு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பன்னிரண்டாம் தேதி மத்தியானம் அவளே கூப்பிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு மணிச்சத்தம் மட்டும் கேட்டது. உடனே லைன் அறுந்து போயிற்று. திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை. அரை மணி கழித்து ஒரு செய்தி வந்தது: 'நல்லாருக்கேன். மத்தத மாமா எழுதுவான்.'

எழுதுங்கள் மாமா. எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். அளக்காமல் எழுதுங்கள்.

மார்ச் 17

சாவிக்கொத்துக்கு,

ஆசிகள். முதலில் தண்ணீர் குடி. அம்மா நலம், நான் நலம், வேலையும் இருக்கிறது. பேனா பிடிக்க விரல் இத்தனை நாளாக ஒத்துழைக்கவில்லை. உன் கடிதம் வந்த கையோடு எழுதுகிறேன். அளக்காமல் என்றாய், மீனை நீந்தாமல் வரச்சொல்கிறாய், பார்க்கலாம்.

பத்தாம் தேதி மாலை வரை அக்காவின் பேச்சு பத்தாவது ஃபைலிலேயே உட்கார்ந்திருந்தது. பதினொன்றாம் தேதி காலை ஆறு மணிக்கே போய், நான் நிலாவுக்கு ஐஸ் சப்ளை செய்த கதையை ஆரம்பித்தேன். எட்டரைக்கு அந்தக் கம்பெனி ஆள் வாசலில் வண்டியை நிறுத்துகிறார், நான் இன்னும் நிலாவில் நிற்கிறேன். எட்டு முப்பத்தேழுக்கு ஃபைல் நகர்ந்தது. பத்தாவது விழுந்தது. என் சட்டை நனைந்த நனைப்பில் இரண்டு மாட்டைக் குளிப்பாட்டலாம்.

அவர் உட்கார்ந்தார். பின்னால் ஸ்வெட்டர். ஸ்வெட்டர் சொல்லி, அக்காவையும் இன்னும் சிலரையும் சுவரோரமாக நிற்க வைத்திருந்தார்கள். "இருக்கறதுலயே பழசத் தொறங்க" என்றார் ஸ்வெட்டர். திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். என் மூச்சு நின்றது. இது அளப்பில்லை.

பேச்சு ஏழாவது ஃபைலின் கடைசியில் என்று எழுதினேன் அல்லவா? நான் பன்னிரண்டாம் நம்பரை மட்டும்தான் தேடியிருந்தேன். அதற்கு வந்த பதில் அடுத்த ஃபைலின் முதல் வரியாக விழுந்திருக்கிறது. அதைப் பார்க்கத் தோன்றவேயில்லை. கேள்வி போய்விட்டது, பதில் மட்டும் பச்சையாக உட்கார்ந்திருக்கிறது. டிசம்பர் மூன்று. அனுப்பியது ஒன்றாம் நம்பர், பெற்றது பன்னிரண்டு. கம்பெனி ஆள் உரக்கப் படித்தார்: "எனக்கு பயமா இருக்குக்கா."

ஒன்றாம் நம்பர் சர்வர் அறையுடையது. என்னுடையது.

ஸ்வெட்டர் மெதுவாகத் திரும்பினார். "எதுக்குய்யா பயம்?"

எத்தனை ஆயிரம் வரி புளுகியவன் நான்! ஒரு பொய், ஒரே ஒரு சின்னப் பொய் வாயில் வரவில்லை. அப்போது சுவரோரத்திலிருந்து அக்கா பேசினாள், அலுத்துக்கொண்டு:

"பல்லு புடுங்கத்தான் சார். கடவாப்பல் சொத்தை. போடான்னு எத்தன தடவ சொல்றது? இந்த வயசுல பயமா இருக்குக்கான்னு எழுதறான், வெக்கங்கெட்டவன்."

"வாயத் தொற" என்றார் ஸ்வெட்டர். திறந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தார். "எல்லாப் பல்லும் அப்படியே இருக்கே?"

"பயந்துட்டான்னுதானே சார் சொல்றேன்! போகவே இல்ல."

சுவரோரம் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். கம்பெனி ஆள் திரையைப் பார்த்துக் குனிந்து தோள் குலுங்கினார். அப்புறம் நாலு மணி நேரம் தேடினார்கள். கொட்டாவி, நிழல், மீன், நிலா. கடைசியில் அவர் ஸ்வெட்டரிடம், "சார், இந்த மீன் கடைசியில் என்ன ஆச்சுன்னு மட்டும் தெரிஞ்சா நான் கிளம்பிருவேன்" என்றாராம்.

ஒயர் அதுவரை பிடுங்கியபடியேதான் கிடந்தது; மறுநாள் ஆய்வாளர் இரண்டாம் முறை வந்தார். அவர் நிற்க நிற்க ஒயரை மாட்டி, மணியை அலறவிட்டுப் பார்த்தார்கள். கதவைத் திறந்துவைத்திருந்தார்கள். அக்கா முற்றத்தில் நின்று ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள், உனக்குக் கேட்கட்டும் என்று. நீ பயப்படுவாய் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் முன்பே ஊகித்திருக்கிறாள். என்னை மட்டும், "ஒரு மாசமா எனக்காகத்தான் ஒளறினியா?" என்று கேட்டாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பல்வலி என்றேன்.

இப்போது லாக் அளவு 'எச்சரிக்கை'. அதற்கும் ஸ்வெட்டரிடமே கையெழுத்து வாங்கினேன். கதவுகளில் இருந்த தாளையும் கிழித்துவிட்டார்கள். ஆனால் அவர் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் என் தாடையைப் பார்த்துக்கொண்டே போகிறார்.

அந்தக் கோழை யார் என்று இரண்டு முறை கேட்டாய். அக்கா அட்ரஸ் கேட்டது என்னிடம். சட்டென்று கொடுத்துவிட்டேன் என்று உன்னிடம் அளந்திருப்பேன். அந்தப் பதிலை அனுப்பிவிட்டு, ஷிஃப்ட் முடிந்தபின் ஒரு மணி நேரம் சைக்கிள் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். அவள் வந்தாள். துண்டுத் தாளில் அட்ரஸை எழுதி, முகம் பார்க்காமலே அவள் கையில் கொடுத்தேன்.

கொட்டாவி பொய், மீன் பொய், பல்வலியும் பொய். அந்தப் பெட்டியில் நான் அடித்த அத்தனை ஆயிரம் வரியில் நிஜம் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் அந்த ஆள் உரக்கப் படித்தார்.

மாமா